வாயைத் திறக்கச் சொன்ன பிறகு...

1818-ம் வருடம். கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனிடம் உதவியாளர்களாக இருந்த இரண்டு இளம் வெள்ளைக்காரர்கள், விஷ் என்பவரும் கிண்டர்ஸ்லி என்பவரும், மூச்சு வாங்க மலையேறிக்கொண்டிருந்தார்கள். யாரைப் பிடிக்க? புகையிலைக் கடத்தல்காரர்களை!

கோயமுத்தூர்ப் பக்கம் விளைகிற புகையிலைக்கு மலபாரில் ஏக கிராக்கி. இதைப் பார்த்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. 'மலபாரில் புகையிலை விற்கும் உரிமை எங்களுக்கு மட்டும்தான்' என்று சட்டம் போட்டார்கள். இந்தப் பக்கம் அடிமாட்டு விலைக்கு வாங்குவது, அந்தப் பக்கம் யானை விலைக்கு விற்பது. 1850-கள் வரை நடந்த வியாபாரம் இது. இரண்டு விலைக்கும் நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம் இருந்தால் என்ன ஆகும்? நம்ம ஆட்கள் சும்மா இருப்பார்களா? தலைச்சுமையாகக் கட்டிக்கொண்டு காட்டு வழியே, கணவாய் வழியே, ராவோடு ராவாகக் கடத்தினார்கள். அப்படி ஓடிய ஒரு கூட்டத்தைத் துரத்திக்கொண்டு போன இரண்டு அதிகாரிகளும் திடீரென்று மேலே ஒரு பச்சைப் பீடபூமியில் போய் நின்றார்கள். குளிர். புல்வெளி. ஓடை. 'அடடா, இது நம்ம ஊர் மாதிரியே இருக்கிறதே!' என்று வாய் பிளந்தார்கள்.

இப்படி ஒரு கதை. 'அதெல்லாம் இல்லை, சும்மா வேட்டைக்குத்தான் போனார்கள்' என்று சொல்கிற கட்சியும் உண்டு. எது எப்படியோ, அவர்கள் கொண்டுவந்த சேதியைக் கேட்டு 1819 ஜனவரியில் சல்லிவனே மலையேறினார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் பங்களா எழும்பியது. பிறகு ஊட்டி. ஸ்டோன்ஹவுஸ். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். (தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் படகரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்த மலையை 'கண்டுபிடித்தார்கள்' என்று எழுதுவதுதான் வேடிக்கை!)

நோயாளி வெள்ளைக்காரர்கள் வந்து நெஞ்சு நிறைய நல்ல காற்று வாங்குவதற்காகத்தான் ஊட்டி வளர்ந்தது. அப்படிப்பட்ட ஊரின் ஆரம்பக் கதையிலேயே புகையிலை மூட்டை ஒன்று உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். அந்த மூட்டை இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை.

புகையிலை நம்ம ஊர்ச் சரக்கே இல்லை. அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. அக்பர் சபைக்கு அது வந்த கதை சுவாரஸ்யமானது. பிஜப்பூருக்குத் தூது போயிருந்த ஆசாத் பேக் என்ற அதிகாரி, ஊர் திரும்பும்போது அழகான ஒரு புகைக்குழாயும் கொஞ்சம் புகையிலையும் கொண்டுவந்து சக்கரவர்த்தி முன்னால் வைத்தார். 1604, 1605 வாக்கில் நடந்தது. அக்பர் இரண்டு மூன்று இழுப்பு இழுத்துப் பார்த்தார். பக்கத்திலிருந்த வைத்தியர் பதறிப்போய், 'வேண்டாம், எங்கள் நூல்களில் இதைப்பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை' என்று தடுத்தார். சபையில் பெரிய விவாதம். 'நூலில் இல்லை என்பதற்காக ஒரு புதுப்பொருளை ஒதுக்கிவிட முடியுமா?' என்கிற வாதம் ஜெயித்தது. வைத்தியர் தோற்றார். அக்பரின் மகன் ஜஹாங்கீர் 1617-ல் தடை போட்டுப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

எனக்கென்னவோ அந்த வைத்தியர் மேல் ஒரு பரிதாபம் உண்டு. அவர் சொன்னது சரி. சொன்ன விதம்தான் எடுபடவில்லை! 'எங்கள் புஸ்தகத்தில் இல்லை' என்பது நோயாளியிடம் எடுபடுகிற வாதமா? 400 வருடம் கழித்து நம் பல் மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருப்பதும் கிட்டத்தட்ட இதே விஷயம்தான்.

பல் டாக்டருக்கும் பீடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா?

நிறைய. நுரையீரலை உங்களால் பார்க்க முடியாது. இதயத்தைப் பார்க்க முடியாது. ஆனால், வாயைப் பார்க்கலாம். கையில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்து, 'இங்கே பாருங்கண்ணே, கன்னத்துக்கு உள்பக்கம் வெள்ளையாப் படை மாதிரி தெரியுதா? நீங்க போயிலை அடக்கற இடம்தான் அது' என்று ஆளுக்கே காட்டிவிடலாம். இந்த வசதி உடம்பில் வேறெந்த டாக்டருக்கும் இவ்வளவு சுலபமாகக் கிடையாது. அந்த வெள்ளைப் படைக்கு 'லூக்கோபிளேக்கியா' என்று பெயர். எல்லாமே புற்றுநோயாக மாறிவிடாது. சில மாறும். மாறுவதற்குள் பழக்கத்தை விட்டுவிட்டால் பல நேரங்களில் படையே மங்கி மறைந்துவிடுவதும் உண்டு.

இன்னொரு ரகசியம். ஈறு கெட்டுப்போனால் ரத்தம் கசிய வேண்டும், அதுதான் எச்சரிக்கை மணி. புகைபிடிப்பவருக்கோ நிக்கோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுவதால் ரத்தம் அதிகம் வராது. 'எனக்கு ஈறெல்லாம் கல்லு மாதிரி இருக்கு டாக்டர்' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்!

இதையெல்லாம் கண்டறிந்து உலகத்துக்குச் சொன்னதில் நம்ம ஊருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. மதராஸ் பொது மருத்துவமனையில் இருந்த டாக்டர் நிப்ளாக், இங்கே வாய்ப்புற்று இவ்வளவு அதிகமாக இருக்கிறதே என்று 1902-லேயே எழுதினார். வெற்றிலை பாக்கு போடும் பழக்கத்தின் பக்கம் விரலை நீட்டினார். அடுத்து நெய்யூர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம், அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே இருந்த லண்டன் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வாயில் புண்ணோடு ஜனங்கள் வந்தபடி இருந்தார்கள். அங்கே கத்தி பிடித்தவர்களில் ஒருவர் ஹோவர்ட் சோமர்வெல். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன அதே சோமர்வெல்தான்! மலையேறிவிட்டு ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். அவரோடு வேலை பார்த்த டாக்டர் ஐ.எம். ஆர், 1933-ல் 'லான்செட்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். புற்றுநோய் வந்தவர்கள் என்ன போடுகிறார்கள், வராதவர்கள் என்ன போடுகிறார்கள் என்று ஒப்பிட்டு, வெற்றிலையோடு சேருகிற புகையிலையின் மேல் குற்றத்தைச் சாட்டினார். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தில் டாலும் ஹில்லும் எழுதியது 1950-ல்தான். அதற்குப் பல வருஷம் முன்பே நெய்யூரில் விஷயம் வெளியே வந்துவிட்டது.

இவர்களெல்லாம் அறுவை சிகிச்சைக்காரர்கள். பல் டாக்டர்கள் இந்தக் கதைக்குள் வந்தது கொஞ்சம் தாமதமாக. ஆனால், வந்தபோது ஜோராக வந்தார்கள்.

பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம். அணு விஞ்ஞானிகளின் கோட்டை. அங்கே பல் ஆராய்ச்சிக்கென்று ஒரு பிரிவை நடத்தியவர் ஃபாலி மேத்தா என்ற பல் மருத்துவர். டென்மார்க்கைச் சேர்ந்த பிண்ட்பர்க் என்ற நிபுணரோடு கைகோத்துக்கொண்டு 1960-களில் கிராமம் கிராமமாகப் போனார்கள். கேரளாவில் எர்ணாகுளம், ஆந்திராவில் ஸ்ரீகாகுளம், குஜராத்தில் பாவ்நகர், பீகாரில் இரண்டு மாவட்டங்கள். மொத்தம் 50,915 பேருடைய வாயைத் திறந்து பார்த்தார்கள். இதில் ஸ்ரீகாகுளம் இருக்கிறதே, அது தனி உலகம். அங்கே பெண்கள் சுருட்டைத் திருப்பிப்போட்டுப் பிடிப்பார்கள். எரிகிற முனை வாய்க்குள்! சமையல் செய்துகொண்டே, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே நெருப்பை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். அண்ணம் வெந்து, அங்கேயே புற்று வரும்.

பார்த்துக் கணக்கெடுத்ததோடு அவர்கள் நிறுத்தியிருந்தால் அது ஒரு நல்ல ஆராய்ச்சி, அவ்வளவுதான். அடுத்து செய்த காரியத்துக்குத்தான் நாம் எழுந்து நின்று கைதட்ட வேண்டும். எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பாவ்நகர் மூன்றிலும் சேர்த்து 36,000 புகையிலைக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வீடு தேடிப்போய் வாயைப் பரிசோதித்து, பக்கத்தில் உட்கார்ந்து, 'இதை விட்டுருங்க' என்று எடுத்துச் சொன்னார்கள். சினிமா காட்டினார்கள். போஸ்டர் ஒட்டினார்கள். ரேடியோவில் பேசினார்கள். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால், முன்பு யாரும் எதுவும் சொல்லாமல் விட்டிருந்த ஆட்களைவிட இவர்களில் அதிகம் பேர் பழக்கத்தை விட்டிருந்தார்கள். வெள்ளைப் படையும் புதிதாக வருவது குறைந்திருந்தது. 1986-ல் 'லான்செட்' இதை வெளியிட்டது. பேச்சை மட்டுமே மருந்தாகக் கொடுத்து வாய்ப்புற்றின் முதல் படியைக் குறைக்கலாம் என்று நம்ம கிராமத்து ஜனங்களை வைத்து நிரூபித்துவிட்டார்கள்.

சரி, இவ்வளவு நடந்ததே... நம் கல்லூரிகளில் இதைச் சொல்லிக்கொடுத்தார்களா?

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-ல் கல்கத்தாவில் தொடங்கியவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. மதராஸில் 1953-ல் வந்தது. அங்கெல்லாம் மாணவன் என்ன படித்தான்? பல்லைப் பிடுங்க, அடைக்க, கட்ட. மெழுகில் பல் செதுக்கியே முதல் வருஷம் போய்விடும். புகையிலை என்ன செய்யும் என்பதை அவன் படித்தான், படம் வரைந்து பாகம் குறித்தான், மார்க்கும் வாங்கினான். ஆனால், எதிரே நாற்காலியில் அண்ணாந்து படுத்திருக்கும் மனிதரிடம் அதைப்பற்றி எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. 2000-க்குப் பிறகு இந்தியப் பல் மருத்துவ மாணவர்களிடம் நடந்த கணக்கெடுப்புகளில் ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. 'எங்களுக்கு இதில் பயிற்சி வேண்டும்' என்றவர்கள் பெரும்பாலோர். 'முறையான பயிற்சி கிடைத்தது' என்றவர்கள் கொஞ்சம் பேர்.

பேச்சுக்கு அப்படி என்ன பலம் இருந்துவிடப்போகிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். லண்டனில் மைக்கேல் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் இதை அளந்தே பார்த்துவிட்டார். 28 சாதாரணக் குடும்ப டாக்டர்கள், அவர்களிடம் வந்த 2,138 புகைபிடிப்பவர்கள். ஒரு பிரிவை அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து அதில் புகையை விட்டிருந்தவர்கள் 100-க்கு 0.3 பேர். இன்னொரு பிரிவுக்கு டாக்டர் ஓரிரு நிமிடம் அறிவுரை சொல்லி, ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்து, 'மறுபடி விசாரிப்பேன்' என்றும் சொல்லி அனுப்பினார். அதில் 5.1 பேர். 1979-ல் வெளியான முடிவு. 'ப்பூ, நூற்றுக்கு ஐந்தா?' என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். நாட்டில் உள்ள எல்லாக் குடும்ப டாக்டர்களும் இப்படி ஓரிரு நிமிடம் பேசினால் வருஷத்துக்கு 5 லட்சம் பேருக்கு மேல் விட்டுவிடுவார்கள் என்று ரஸ்ஸல் கணக்குப் போட்டார். அதே பலனைத் தனி கிளினிக் வைத்து எடுக்க வேண்டுமானால் பத்தாயிரம் கிளினிக்கூடப் போதாதாம்!

இந்த ஓரிரு நிமிடத்தில் என்ன பேசுவது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சூத்திரம் செய்தார்கள். ஐந்து படி. கேள். விடச் சொல். விட மனசு இருக்கிறதா என்று பார். விடுவதற்குக் கைகொடு. மறுபடி பார்க்க நாள் குறி. உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் இன்று இதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். இந்தியாவில் 2002-ல் அரசும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 13 இடங்களில் புகையிலை மீட்பு மையங்களைத் தொடங்கின. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அதில் ஒன்று. பல் மருத்துவக் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு மையம் வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் வழிமுறை வெளியிட்டது 2018-ல். மேத்தா குழுவின் கட்டுரை வந்து 32 வருஷம் கழித்து! நம்ம ஊர் வேகம் அது.

சூத்திரத்தை ஒப்பிக்கலாம். ஊட்டி மலைக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்?

நீலகிரியில் பல் மருத்துவக் கல்லூரி கிடையாது. மருத்துவக் கல்லூரியே 2022-ல்தான் வந்தது. தேயிலைத் தோட்டத்து ஜனங்களுக்குப் பல் டாக்டர் என்றால் கீழேயிருந்து வருகிற முகாம்தான். தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்கும். இருபது, இருபத்தொரு வயசுப் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு இறங்குவார்கள். கொழுந்துக் கூடையை ஓரமாக வைத்துவிட்டு ஒரு அம்மா வந்து உட்காருவார். மாணவன் படிவத்தை எடுத்து முதல் படியை ஆரம்பிப்பான்.

"அம்மா, நீங்க புகைபிடிப்பீங்களா?"

"அய்யோ சாமி, அந்தக் கருமமெல்லாம் இல்லீங்க!"

'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவான். கதை கந்தல்! அந்த அம்மாவின் இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டுப் போயிலை எல்லாம் பத்திரமாக இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொன்னார். கேள்விதான் அமெரிக்கக் கேள்வி! 2016-17-ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புகைப்பவர்கள் 100-க்கு 10.7 பேர், புகையில்லாமல் மெல்லுகிற, அடக்குகிற, பல்லில் தேய்க்கிற கூட்டம் 21.4 பேர். அதாவது இரண்டு மடங்கு. 'போயிலை போடுவீங்களாம்மா? மூக்குப்பொடி? பல்லுல பொடி தேய்க்கறதுண்டா?' என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் சுருக்குப்பை வெளியே வரும்.

பல்லில் தேய்ப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. பல் வலித்தால் நம் ஜனங்களுக்கு முதல் மருந்தே போயிலைதான். சொத்தைக் குழியில் ஒரு துண்டு வைத்து அடக்கிக்கொண்டால் வலி மரத்த மாதிரி இருக்கும். வலி போனாலும் போயிலை போகாது. அதுவே பழக்கமாகிவிடும். புகையிலை கலந்த பல்பொடி, பற்பசையெல்லாம் கடையில் ஜாம் ஜாமென்று விற்றுக்கொண்டிருந்த காலம் உண்டு. 1992-ல்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது. 'பல்லுக்கு நல்லதுன்னு எங்க பாட்டி சொல்லிச்சு' என்று ஒரு பெரியம்மா சொன்னால் அவர் முட்டாள் இல்லை. பாட்டி காலத்தில் பக்கத்தில் பல் டாக்டர் இல்லை. அதைப் புரிந்துகொண்டு, முதலில் அந்தச் சொத்தையை அடைத்துக் கொடுத்துவிட்டு அப்புறம் போயிலையைப் பற்றிப் பேசுகிற மாணவன் பாஸ். வலியோடு இருக்கிறவரிடம் பிரசங்கம் செய்கிறவன் ஃபெயில். நான் பரீட்சை வைத்தால் இப்படித்தான் மார்க் போடுவேன்.

அடுத்த சிக்கல் இன்னும் வேடிக்கை. அட்டை! மழைக்காலத்தில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தேயிலைக்குள் இறங்கினால் கால் முழுக்க அட்டை ஏறும். அதற்குத் தோட்டத்தில் கைகண்ட மருந்து போயிலையும் சுண்ணாம்பும். காலில் தடவிக்கொள்வார்கள், கடித்த அட்டை மேல் வைத்தால் சுருண்டு விழும். 'பையில இருக்கிற போயிலையை இன்னிக்கே தூக்கி எறிஞ்சிடுங்க' என்பது பாடப்புத்தகத்தில் உள்ள அறிவுரை. இங்கே அதைச் சொன்னால் அந்த அம்மா சிரிக்கத்தான் செய்வார். 'அட்டைக்கு உப்புத் துணி கட்டிக்கங்க, இல்லேன்னா போயிலையைக் கால் பையில் தனியா வைங்க, வெத்திலைப் பையில வேண்டாம்' என்று சொல்ல வேண்டியிருக்கும். இது எந்தச் சூத்திரத்திலும் கிடையாது. மலையில் நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

குளிர் இன்னொரு சாக்கு. விடியற்காலையில் பனி கொட்டும்போது ஒரு டீ, ஒரு பீடி. 'உடம்பு சூடேறுது தம்பி' என்பார்கள். உண்மையில் நிக்கோடின் தோலுக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கும், விரல் நுனி இன்னும் சில்லிட்டுத்தான் போகும். பீடியைப் பற்றவைத்துவிட்டு விரல் நுனியைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். சூடேற்றியது டீதான் என்பது அவருக்கே தெரிந்துவிடும். எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி என்று கேட்பது இன்னொரு நல்ல கேள்வி. ஸ்வீடனைச் சேர்ந்த ஃபாகர்ஸ்ட்ராம் என்ற உளவியலாளர் 1978-ல் கொண்டுவந்த கேள்விப் பட்டியலில் இதுவும் உண்டு. எழுந்து அரைமணிக்குள் பற்றவைக்கிறவருக்கு வெறும் அறிவுரை போதாது, நிக்கோடின் சூயிங்கம் போன்ற துணை வேண்டும். 'பத்து மணி டீக்குத்தான் முதல் பீடி' என்கிறவர் கொஞ்சம் பிடித்துத் தள்ளினாலே விட்டுவிடுவார்.

பல் பிடுங்குகிற நாள் இருக்கிறதே, அதுதான் தங்கமான நாள். பிடுங்கிய இடத்தில் ரத்தம் உறைந்து மூடவேண்டும். புகையை இழுத்தால் அந்த உறைவு பிய்த்துக்கொண்டு எலும்பு திறந்து, உயிர் போகிற வலி வரும். 'ரெண்டு மூணு நாளைக்கு பீடி தொடாதீங்கண்ணே' என்று எந்தப் பல் டாக்டரும் சொல்வார். ஆளும் வலிக்குப் பயந்து கேட்டுக்கொள்வார். விட்டவுடன் வருகிற எரிச்சல், தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் உச்சத்துக்குப் போவதே அந்த முதல் சில நாட்களில்தான். மூன்றாம் நாள் கூப்பிட்டு, 'கஷ்டமான பாதியைத் தாண்டிட்டீங்க, மிச்சத்தையும் பார்த்துடலாமே?' என்று கேட்க ஒரு ஆள் இருந்தால் போதும்.

கேட்க ஆள்? அங்கேதான் எல்லாம் உட்கார்ந்துவிடுகிறது. ஐந்தாவது படி, மறுபடி பார்க்க நாள் குறிப்பது. முகாம் வண்டி சாயங்காலம் நாலு மணிக்குக் கொண்டைஊசி வளைவுகளில் இறங்கிப் போய்விடும். அடுத்த முகாம் எப்போது என்று டிரைவருக்கே தெரியாது. மேத்தா குழு வருஷா வருஷம் அதே வாசலுக்குப் போய் நின்றது. ஒருநாள் முகாமில் என்னதான் உருகிப் பேசினாலும் பாதிக்குமேல் வீண்தான். கோபமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்: பல முகாம்கள் நோயாளிக்காக நடப்பதைவிட மாணவர்களின் பதிவேட்டை நிரப்புவதற்காகவும் போட்டோவுக்காகவும்தான் நடக்கின்றன.

வழி இல்லாமல் இல்லை. வழியை நீலகிரியே ஒருமுறை காட்டியிருக்கிறது. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி செய்துதர வேண்டும் என்று முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'உபாசி' என்கிற தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம், 1971-ல் நீலகிரித் தோட்டங்களில் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக ஒரு சோதனையில் இறங்கியது. பெண் தொழிலாளியின் பெயரில் மாதம் 5 ரூபாய் கணக்கில் சேரும்; குழந்தைகள் அதிகமானால் தொகை போய்விடும். குழந்தை பெறாமலிருக்கப் பணமா என்று அப்போதே முகம் சுளித்தவர்கள் உண்டு, எனக்கும் அதில் மனசு ஒப்பவில்லை. ஆனால், அதையொட்டி வளர்ந்த இன்னொரு ஏற்பாடுதான் அருமை. டாக்டர் ரஹமத்துல்லா என்ற பெண் மருத்துவரின் தலைமையில், லைன் வீடுகளில் வசிக்கிற தொழிலாளிகளிலேயே சிலரைத் தேர்ந்தெடுத்து, 'லிங்க் வொர்க்கர்' என்று பெயர் வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பக்கத்து வீடுகள் சிலவற்றின் ஆரோக்கியம் அவர் பொறுப்பு. தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறார்களா, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா, கர்ப்பிணி ஆஸ்பத்திரிக்குப் போனாளா... விசாரித்துக்கொண்டே இருப்பார். கோட்டு இல்லை, ஸ்டெதாஸ்கோப் இல்லை. கூடவே கொழுந்து பறிக்கிற அக்கா!

கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் 1990-களிலிருந்து இதே வழியில்தான், பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கி நடைபோட்டது. 2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் பார்க்க வீடு வீடாகப் பெண்கள் போகிறார்கள். அவர்களிடம் முகாம் மாணவன் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு இறங்கினால் என்ன? 'ஆறாம் நம்பர் லைன், கடைசி வீட்டு அண்ணன், வெள்ளிக்கிழமை பல் பிடுங்கியிருக்கு, பீடியை நிறுத்தியிருக்கார், திங்கட்கிழமை ஒரு வார்த்தை கேளுங்கக்கா.' அவ்வளவுதான் சீட்டு. மாணவனுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடத்தில் பாதி இந்தச் சீட்டை எழுதுவதுதான் என்பேன். தனக்குப் பதில் யார் கேட்பார்கள் என்று கண்டுபிடித்து, அவரிடம் மரியாதையாகப் பேசி, ஒப்படைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பல் டாக்டராகப் போகிறவனுக்கு இது கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகப் படலாம். பழகிக்கொள்ளட்டும்.

அவசரமும் இருக்கிறது. 2009-10-ல் தமிழ்நாட்டில் புகையிலைப் பழக்கம் உள்ள பெரியவர்கள் 100-க்கு 16.2 பேர். 2016-17-ல் 20. நாடு முழுக்க 34.6-லிருந்து 28.6-ஆகக் குறைந்த அதே காலத்தில், நம்மிடம் ஏறியிருக்கிறது! குட்காவுக்கு இங்கே 2013-ல் தடை வந்தது. தடைக்குப் பிறகும் ரகசியமாகக் கைமாறுவது ஊரறிந்த விஷயம். 1818-ல் தலைச்சுமையாகப் போனது. இப்போது சட்டைப் பையில் போகிறது.

2018 செப்டம்பரிலிருந்து புகையிலைப் பொட்டலங்களின் மேல் ஒரு நம்பரை அச்சடிக்கிறார்கள். 1800-11-2356. காசு கிடையாது. மறுமுனையில் தமிழில் பேசுகிறவர்களும் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸிலிருந்து பேசுவார்கள். பீடிக்கட்டின் பொடி எழுத்தில் அது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? முகாமுக்குப் போகிற மாணவர்கள் நாற்காலியில் இருப்பவரின் செல்போனை வாங்கி, 'பீடி அக்கா' என்றோ 'போயிலை அண்ணன்' என்றோ பெயர் போட்டு அந்த நம்பரைப் பதிந்து கொடுத்துவிட்டு வரலாம். அரை நிமிட வேலை. லைனில் டவர் கிடைக்கிற இடம் எது என்பதை மட்டும் அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டி மேடாக இருக்கும்.